சனிக்கிழமைப் பிள்ளை

ஆர்ஹுஸ், டென்மார்க்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரூபேஷ் எழுதுகிறேன். நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமா, ஷாலினி, அம்மா எல்லோரும் சுகம்தானே? போன ஞாயிறு போனில் கேட்டதைத்தான் திரும்பக் கேட்கிறேன். காகிதத்தில் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் தபால் எழுதுகிறான் என்று நினைப்பாய். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். உன் போனோ உன் கையில் இருப்பதைவிட உன் மகள் ஷாலினி கையில்தான் அதிகம் இருக்கிறது, அவள் வாயில் எதுவும் நிற்காது. அதனால்தான் நீ வேலை செய்யும் பெங்களூர் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போதைய அனுமதி ஜனவரி 31-ஓடு முடிகிறது. இந்த முறை நிரந்தரமாகவே இருக்க விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் ரிட்டயர் ஆகும்வரை இங்கேதான். நிராகரித்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஞாயிறுதோறும் போனை வைக்கும் முன் அம்மா "எப்படா வர்ற?" என்று கேட்கிறாள். நானும் ஒன்பது வருஷமாக "அடுத்த வருஷம்மா" என்கிறேன். நிரந்தரம் என்ற சொல்லை எப்படி அவள் காதில் போடுவது? கிடைத்த பிறகு நானே நேரில் வந்து சொல்கிறேன். அதுவரை நீ மூச்சு விடாதே.

இதற்கு என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என் பாஸ்போர்ட்டே பத்தாம் வகுப்பு மார்க் கார்டை வைத்து எடுத்ததுதான். எனக்காக நீ வாங்கலாம் என்று மையில் கையெழுத்துப் போட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது.

இங்கே வருமான வரிக் கணக்கை பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு நிமிஷத்தில் போனிலேயே முடித்தேன். நீ ராபர்ட்சன்பேட்டை நகரசபை ஆபீசில் வரிசையில் நிற்கப்போவதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

அம்மாவின் மாத்திரையைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
ரூபேஷ்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
18 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி ரூபேஷுக்கு,

அக்கா நளினி எழுதுவது. உன் கடிதம் நாலாம் தேதியே வந்துவிட்டது, பதில்தான் தாமதம். முட்டிவலி அப்படியேதான். தினமும் பெங்களூர்வரை ரயிலில் நின்றுகொண்டே போகிறவளுக்கு வேறெப்படி இருக்கும்? அம்மா சுகம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், என்னைத் திட்டுவதையும் ஒழுங்காகச் செய்கிறாள்.

உன் நாலு நிமிஷத்துக்கு இங்கே நாலு நாள் லீவு போட்டேன். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சர்வர் இருந்தது, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, ஆனால் ஓடிபி அப்பாவின் பழைய நம்பருக்குப் போய்விட்டது. அப்பா போய் ஆறு வருஷம். அந்த நம்பர் இப்போது சிந்தாமணியில் யாரோ ஒரு ஆளிடம் இருக்கிறது. கவுண்டரில் டீனா என்று ஒரு பெண். அவளே அந்த ஆளுக்குப் போன் போட்டு, கன்னடத்தில் கெஞ்சி, தெலுங்கில் கொஞ்சி, ஓடிபியை வாங்கிவிட்டாள்.

"உங்க தம்பி ஊர்ல இப்டி பண்ணுவாங்களாக்கா?" என்றாள்.

"அங்க கவுண்டரே கிடையாதாம்மா."

"அப்போ யாரைத் திட்டுவாங்க?"

அவளுக்குப் பதிலை நீ சொல்.

நாலாம் நாள் சான்றிதழ் வந்தது. மூலையில் கட்டம் கட்டமாக ஒரு படம். அதை ஸ்கேன் செய்தால் உலகத்தில் எங்கிருந்தும் சரிபார்க்கலாமாம். இருந்தாலும் டீனா ஒரு சீலும் போட்டுக் கொடுத்தாள், சீல் இல்லாத காகிதத்தை நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்துகொண்டு. இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா பெயர் பெருமாள் சரியாக இருக்கிறது. அம்மா பெயர் பார்வதம்மா, அதுவும் சரி. மற்றதை நீயே ஒருமுறை பார்த்துக்கொள்.

பஸ் தவறிவிட்டது என்று போன வாரம் போனில் சொன்னாய் அல்லவா? வைத்த பிறகு அம்மா சிரிக்கிறாள். "சனிக்கிழம பொறந்தவன். அவனுக்கு எல்லாமே லேட்டாதான் நடக்கும்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் பிரெட்டையே தின்னாதே.

அக்கா நளினி

ஆர்ஹுஸ்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சான்றிதழ் வந்தது. கவரைப் பிரித்த கையோடு வாசல்படியில் நின்றபடியே படம் எடுத்து ஏற்றிவிட்டேன். படிக்கக்கூட இல்லை. "பெற்றுக்கொண்டோம்" என்று அடுத்த நொடியே பதில் வந்தது. நாலு நாள் லீவு போட்ட உனக்கு நாலு புடவை வாங்கித் தர வேண்டும்.

அம்மா இந்த வருஷமும் என் பிறந்தநாளுக்கு ஒரு நாள் தாமதம். பன்னிரண்டாம் தேதி நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதின்மூன்றாம் தேதிதான் கூப்பிட்டு, "கேசரி கிண்டி பக்கத்து வீட்டுக்கெல்லாம் குட்த்தேன்டா" என்கிறாள். சின்ன வயதில் சிரிப்போம். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஞாபகம் தடுமாறும் என்கிறார்களே, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டேன்.

டீனாவிடம் சொல்: இங்கே திட்ட வேண்டிய அவசியமே வராது.

ரூபேஷ்

ஆர்ஹுஸ்
9 அக்டோபர் 2025

அக்கா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு.

இங்கே அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் போனுக்குள்ளேயே ஒரு தபால் பெட்டி கொடுத்திருக்கிறது. அதில் ஒரு கடிதம் விழுந்துவிட்டால் நாம் படித்ததாகவே கணக்கு. போன வியாழன் ஒன்று விழுந்தது. என் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி செப்டம்பர் 12. நீ அனுப்பிய சான்றிதழில் செப்டம்பர் 13. எது உண்மை என்று ஜனவரி 20-க்குள் அசல் ஆதாரத்தோடு விளக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற தகவலை வைத்து முடிவெடுக்கப்படும். அவ்வளவுதான். கீழே யாருடைய பெயரும் இல்லை.

இது ஒரு நாள் வித்தியாசம்தானே என்று நினைக்காதே. இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு எண். சம்பளம், டாக்டர், வீட்டு வாடகை, நூலகப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த எண் தொடங்குவதே பிறந்த தேதியில். என் தேதி பொய் என்றால் ஒன்பது வருஷமாக இங்கே இருக்கும் நானே பொய் என்றாகிவிடும்.

நகராட்சி கவுண்டர் ஒன்று இருக்கிறது. நேரம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினாள். திரையைப் பார்த்துவிட்டு, "இது நான் தொட முடியாத இடம்" என்றாள். அக்கா, டீனா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு இப்போது தெரிகிறது. திட்டுவதற்கு ஆளே இல்லை.

நம்ம ஊர் ஆபீசில் யாரோ தட்டச்சுப் பிழை செய்திருக்கிறார்கள். போய் 12 என்று திருத்தி வாங்கு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ரூபேஷ்

கோரமண்டல்
27 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை ரயிலில் படித்தேன். கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம் வரை போய்த் திரும்பினேன், நம்ம ஸ்டேஷனில் இறங்கவே மறந்துவிட்டது. அம்மா சுகம்.

டீனா பழைய பதிவை எடுத்துக் காட்டினாள். தங்கச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீல மையில், அழகான கையெழுத்தில் இருக்கிறது: 13-9-1986, அதிகாலை 3.10, ஆண். தட்டச்சுப் பிழை இல்லையடா. அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் 12 என்று கொடுத்திருக்கிறார், ஏன் என்று தெரியவில்லை.

ரிஜிஸ்டரை 12 என்று மாற்ற வேண்டுமானால், ஆஸ்பத்திரியில் தவறாக எழுதிவிட்டார்கள் என்று பெற்றவள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், கூட ஒரு சாட்சியும் வேண்டும். டீனா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கம்பெனியில் தீபாவளிக்குப் பிறகு வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை. பார்க்கிறேன்.

நளினி

ஆர்ஹுஸ்
14 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு ஞாயிறு போனில் பேசினோம், இரண்டு தடவையும் அம்மா பக்கத்தில் இருந்தாள், நீ மழையைப் பற்றியே பேசினாய்.

இன்னொரு செய்தி. இந்த நாட்டு அரசாங்கத் தபால் டிசம்பர் 30-ஓடு கடிதம் கொண்டுவருவதையே நிறுத்துகிறது. தெருவில் இருந்த சிவப்புப் பெட்டிகளை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பிறகு ஏதோ தனியார் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். அந்தக் காகிதம் அதற்கு முன்பே என் கைக்கு வர வேண்டும்.

போன் டிங் என்றால் உடனே அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். உன் வரிசை எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அக்கா. சர்வர் இல்லாவிட்டாலும் அங்கே டீனா இருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், செருப்பால் அடிக்காதே. அந்தச் சத்தியப் பத்திரம் கன்னடத்தில்தானே இருக்கும்? அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடு. ஒரு கையெழுத்துதான். ஒருவருக்கும் நஷ்டம் இல்லை.

ரூபேஷ்

கோரமண்டல்
28 நவம்பர் 2025

தம்பி ரூபேஷுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிறு உன் போன் வந்து முடிந்த பிறகு பத்திரத்தை அம்மா முன்னால் வைத்தேன். ரேஷன் கார்டு என்றேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். எழுத்துதானே கன்னடம்? எண் எல்லோருக்கும் தெரிந்த எண்தான். அதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"இது இன்னாடி, பன்னெண்டு ஒம்போது எம்பத்தாறு? ரேஷனுக்கு இன்னாத்துக்கு ரூபேஷ் பொறந்த தேதி? அதுவும் தப்பா?"

பத்திரத்தை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன், அவள் விடவில்லை.

"அவன் பொறந்தது பதிமூணுடி. சனிக்கிழம விடிகாலம். உங்கப்பா மூணாம் ஷிஃப்ட். பன்னெண்டாந்தேதி ராத்திரி கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்குனவரு, காலைல ஆறு மணிக்குதான் மேல வந்தாரு. ஷாஃப்ட் வாசல்லயே புள்ள பொறந்துச்சுன்னு சொன்னாங்க. அவருக்கு அது பன்னெண்டாந்தேதி ஷிஃப்டு. எறங்குன தேதிதான் மேல வர்ற வரைக்கும் தேதி. ஸ்கூல்லயும் அத்தயே எழுதிட்டாரு. நான் சண்ட போட்டேன். மஸ்டர் நோட்டுல இன்னா இருக்கோ அதான் தேதின்னாரு."

நாம் அவளுக்கு ஞாபக மறதி என்று முப்பது வருஷமாகச் சிரித்தோம். சரியான நாளில் கேசரி கிண்டியவள் அவள் ஒருத்திதான்.

பிறகு அவளே கேட்டாள். "ரெண்டு பேரும் தபால்ல பேசிக்கினு கீறீங்க இல்ல? உன் பையில வெளிநாட்டு ஸ்டாம்ப பாத்தேன். போன் இருக்கசொல்ல தபால் எழுதறான்னா, எங்கிட்ட மறைக்கதான." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிரந்தரம் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அங்கயே இருந்துடப் போறானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பத்திரத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகஸ்டில் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே 13 என்று நான் பார்த்தேன். உன் மார்க் கார்டில் 12 என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் அனுப்பினேன். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும், ஊருக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். அம்மாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்காக மட்டுமில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், ராத்திரி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதும் நான் ஒருத்திதான், ரூபேஷ். எனக்குக் களைப்பாக இருந்தது.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

நளினி

ஆர்ஹுஸ்
12 டிசம்பர் 2025

அக்கா,

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் உன் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள், ரேஷன் கார்டு என்று பொய் சொல்லச் சொன்னது யார் என்று ஞாபகம் வந்தது. உன்னை ஒற்றை ஆளாக விட்டுவிட்டு வந்தது யார் என்றும் ஞாபகம் வந்தது.

போனில் பழைய காலண்டரைப் பார்த்தேன். 1986-க்கும் இந்த வருஷத்துக்கும் ஒரே காலண்டர். பன்னிரண்டு வெள்ளி, பதின்மூன்று சனி. சனிக்கிழமைப் பிள்ளை என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒரு தடவையாவது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அவள் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரூபேஷ்

கோரமண்டல்
29 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

அம்மா சுகம், நானும் சுகம். இது கூரியரில் வருகிறது, உங்கள் தபால்காரரை நம்பவில்லை.

கடிதம் வந்த அன்றைக்கே படித்துக் காட்டினேன். "வா" என்ற இடம் வந்ததும் அம்மா "திருப்பிப் படி" என்றாள். படித்தேன். மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். "லீவு போடு. அந்த ஆபீசுக்குப் போலாம்."

வழியில் தாமோதரன் வீட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அப்பா ஷிஃப்டில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தாரே, அவர்தான். எண்பது வயதில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்தார். மூன்றாம் ஷிஃப்டுக்கு எந்தத் தேதி போடுவார்கள் என்று அதிகாரிக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பதின்மூன்றுதான் சரி, பள்ளிக்கூடத்தில் கொடுத்ததுதான் தப்பு என்று இரண்டு பேர் சொன்னதையும் டீனா பிரமாணமாக டைப் செய்தாள். சர்வர் இரண்டு தடவை போய் வந்தது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அதிகாரி, "பதின்மூணுதான்னு உங்ககிட்ட வேற ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"அவன் பொறந்தப்போ அங்க இருந்தவ நானு. நீ இருந்தியாப்பா? இந்த கம்ப்யூட்டர் இருந்துச்சா? பெத்தவள வுட்டுட்டு எல்லாத்தையும் கேக்கறீங்க."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் நான் கேட்டேன், வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பானே என்று. "வந்திருப்பான். அப்புறம் தெனம் என் மூஞ்சிலயே முழிக்கணும் அவன். பொய்த் தேதில வாழ்ந்தது போதும், எனக்காகப் பொய்யா வாழவும் வேணாம். எங்க இருந்தாலும் என் புள்ளயா இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிரமாணத்தின் அசல் இரண்டு, சீலோடு. டீனா மூன்று சீல் போட்டிருக்கிறாள்.

நளினி

ஆர்ஹுஸ்
8 மார்ச் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

ரூபேஷ் எழுதுகிறேன். உன் பெயர் போட்டு, நம்ம வீட்டு முகவரிக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அக்காவைப் படிக்கச் சொல்லாதே. பெரிய எழுத்தாக எழுதுகிறேன், நீயே மெதுவாகப் படி.

கோபன்ஹேகனில் நம்ம எம்பசியில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றேன். அங்கே ஒரு ஆள் உன் பிரமாணத்தை முழுசாகப் படித்துவிட்டு, "கோலார் மைன்ஸா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் 13 என்று மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஊர் ஆபீசும் கெடு தள்ளிப்போட்டு, போன வாரம் முடிவைப் பெட்டியில் போட்டது. நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது அம்மா. பழைய எண்ணை எடுத்துவிட்டு, பதின்மூன்றில் தொடங்கும் புது எண் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் பழக்கதோஷத்தில் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டுத் திருத்தினேன். "நிச்சயமாகவா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நிச்சயமாக. என் அம்மா அங்கே இருந்தாள்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. டிசம்பர் முடிந்து பத்து ஞாயிறு ஆகிவிட்டது. மாத்திரை போட்டதைச் சொல்கிறாய், கேசரி கதை சொல்கிறாய், வைத்துவிடுகிறாய். "எப்படா வர்ற?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மே மாதம் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆறு வாரம் இருப்பேன். அக்காவை அந்த ஆறு வாரமும் உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று சொல். இனிமேல் ஒவ்வொரு வருஷமும் வருவேன். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொன்ன மாதிரி இல்லை.

ஆனால் நீ கேட்க வேண்டும் அம்மா. பதில் தெரிந்தாலும் கேள். இந்த ஞாயிறே கேள்.

உன் சனிக்கிழமைப் பிள்ளை,
ரூபேஷ்